வீட்டிலிருந்தே கணக்கு டீச்சர் வேலை: ஒரு மணிக்கு எவ்வளவு?

உங்கள் வீட்டில் கணக்குப் படித்த மகள் இருக்கிறாளா? மருமகள் இருக்கிறாளா? பி.எஸ்ஸி. முடித்து, பி.எட். முடித்து, வேலைக்குக் காத்திருக்கும் மகன் இருக்கிறானா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான். நீங்களே படியுங்கள். படித்துவிட்டு அவர்களிடம் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு ஆசிரியர்கள் பலர் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே பாடம் நடத்துகிறார்கள். கரும்பலகை இல்லை. சாக்பீஸ் இல்லை. கம்ப்யூட்டர் திரைதான் பலகை. கையில் ஒரு மின் பேனா. அதை வைத்து எழுதினால் எழுத்து திரையில் விழும். காதில் ஹெட்போன். பிள்ளை துபாயில் உட்கார்ந்திருக்கும். டீச்சர் நம் விவேக் நகரில் உட்கார்ந்திருப்பார். இதை ஆன்லைன் வகுப்பு என்கிறோம்.

இதற்குச் சம்பளம் உண்டு. நல்ல கம்பெனிகளும் உண்டு. ஏமாற்றும் ஆட்களும் உண்டு. ஆகவே கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும்.

நம் பெங்களூரில் தொடங்கியது

இந்த வேலை நேற்று வந்தது அல்ல. 2005-ஆம் ஆண்டிலேயே நம் பெங்களூரில் 'டியூட்டர் விஸ்டா' என்ற கம்பெனி தொடங்கியது. தொடங்கியவர் கிருஷ்ணன் கணேஷ். அமெரிக்காவில் தனி டியூஷனுக்குச் செலவு மிக அதிகம். எல்லாப் பெற்றோராலும் கொடுக்க முடியாது. இங்கேயோ நன்றாகக் கணக்குத் தெரிந்த ஆசிரியர்கள் நிறைய. இந்த இரண்டையும் கம்ப்யூட்டர் மூலம் இணைத்தார்கள். மாதம் சுமார் 100 டாலர் கட்டினால் அமெரிக்கப் பிள்ளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆசிரியர்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்தே கற்பித்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாய்மார்களும் இதற்கு வந்தார்கள்.

2011-ல் பியர்சன் என்ற இங்கிலாந்து கம்பெனி இதன் பெரும் பங்கை வாங்கியது. 2017-ல் பெங்களூரின் 'பைஜூஸ்' கம்பெனி இதை வாங்கியது.

கணக்குக்கு என்றே 'கியூமேத்' என்ற கம்பெனி 2013-ல் வந்தது. முதலில் படித்த பெண்கள் தங்கள் வீட்டிலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு கற்பித்தார்கள். பாடப் புத்தகமும் பயிற்சியும் கம்பெனி தந்தது. பிறகு அதே வேலை ஆன்லைனுக்குப் போனது. வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிகள் மூடின. அது நம் எல்லோருக்கும் நினைவு இருக்கும். ஒரே செல்போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட காலம் அது. அப்போதுதான் ஆன்லைன் வகுப்பு வெள்ளம் போல் பெருகியது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தார்கள். பணம் கொட்டியது.

வெள்ளம் வந்தால் வடியத்தானே செய்யும்? பைஜூஸ் கம்பெனியைத் தொடங்கிய பைஜு ரவீந்திரனே கணக்கு சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர். 2022-ல் அவருடைய கம்பெனியின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024-ல் ஊழியர்களின் சம்பளமே தாமதம் ஆனது. அந்த ஆண்டு ஜூலை மாதம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு அந்தக் கம்பெனி மீது திவால் நடவடிக்கையைத் தொடங்க உத்தரவு போட்டது. இவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி. அதனால் பெயர் பெரியது, விளம்பரம் பெரியது என்று மட்டும் பார்த்துச் சேரக் கூடாது. சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது? ஏற்கெனவே அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒழுங்காக வருகிறதா? இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அங்கே மாலை 5 மணி, இங்கே எத்தனை மணி?

வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்த பிறகுதான் டியூஷனுக்கு உட்காருவார்கள். அங்கே மாலை 5 மணி என்று வைத்துக்கொள்வோம். இங்கே மணி என்ன?

துபாயில் 5 மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. குவைத், கத்தார், சவூதி என்றால் இரவு ஏழரை. சிங்கப்பூர் என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை மணிதான். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் என்றால் மதியம் பன்னிரண்டரை. அங்கே கோடைகாலத்தில் பதினொன்றரை.

லண்டனில் 5 மணி என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. குளிர்காலத்தில் பத்தரை. நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால் நமக்கு நடு இரவு தாண்டி இரண்டரை மணி! குளிர்காலத்தில் மூன்றரை. அமெரிக்காவின் மறுபக்கம் கலிபோர்னியா இருக்கிறது. அங்கே 5 மணி என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. குளிர்காலத்தில் ஆறரை.

இது என்ன, குளிர்காலத்தில் நேரம் மாறுகிறது என்று கேட்பீர்கள். அந்த நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள். நாம் மாற்றுவதில்லை. அதனால் நம் வகுப்பு நேரம் மாறிவிடும்.

நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு சமையல் கட்டு. அதில் ஐந்து பேர் படுக்க வேண்டும். இரவு இரண்டரை மணிக்கு விளக்கைப் போட்டு, சத்தமாகப் பேசி, பின்னம் கற்பிக்க முடியுமா? மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கவும் எழ வேண்டுமே! மாதக் கணக்கில் ராத்திரி கண் விழித்தால் உடம்பு கெடும். ஆகவே சம்பளத்தைக் கேட்கும் முன்பு நேரத்தைக் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் நம் வீடுகளுக்கு வளைகுடா நாட்டு வகுப்பும் சிங்கப்பூர் வகுப்பும்தான் பொருந்தும். வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. பாடம் நடத்தும் இந்தியப் பள்ளிகள் பல இருக்கின்றன. நம் ஊர்ப் பாடமே அங்கேயும். தமிழ்க் குடும்பங்களும் நிறைய. பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புரியாவிட்டால் தமிழில் ஒரு வார்த்தை சொல்லலாம்.

ஓர் அம்மாவின் நோட்டுப் புத்தகம்

நம் மாலை வகுப்புக்கு ஓர் அம்மா வருகிறார். கோரமங்களாவில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். இங்கே வந்துதான் வகுத்தல் கணக்கு கற்றார். அவருடைய மகள் பி.எஸ்ஸி. கணக்கு, பி.எட். படித்தவர். ஒரு கம்பெனியில் ஆன்லைன் டீச்சராகச் சேர்ந்தார். ஒரு மணி நேர வகுப்புக்கு 250 ரூபாய் என்று பேச்சு. ஒரு நாளைக்கு 3 வகுப்பு. மாதம் 24 நாள்.

3-ஐ 24-ஆல் பெருக்கினால் 72 வகுப்பு. 72 × 250 = 18,000 ரூபாய். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அந்த அம்மா ஒரு வேலை செய்தார். தினமும் மகள் எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள் என்று நோட்டில் எழுதி வைத்தார். எழுதிப் பழகத்தான் அப்படிச் செய்தார். மாதம் முடிந்தது. அன்று அம்மாவும் மகளும் பேசியதை அவரே வகுப்பில் சொன்னார்.

"மூணு மணி நேரந்தான் வேலைன்னு சொன்ன. ஆனா நாலரை மணி நேரம் உட்கார்ந்திருக்கியே, கண்ணு?"

"வகுப்பு மூணு மணி நேரந்தாம்மா. அதுக்கு முன்னாடி கணக்கெல்லாம் தயார் பண்ணணும். முடிஞ்சதும் பிள்ளை எப்படிப் படிச்சதுன்னு எழுதி அனுப்பணும்."

"அதுக்குக் காசு?"

"அதுக்குக் கிடையாது. வகுப்புக்கு மட்டும்தான்."

"நடுவுல சும்மா உட்கார்ந்திருக்கியே?"

"அடுத்த வகுப்புக்குக் காத்திருக்கணும்மா. அதுக்கும் கிடையாது."

"நானும் வீட்டுக்கு வீடு நடக்கிறேன். நடக்கிற நேரத்துக்கு யாரு காசு தர்றாங்க? எனக்கு அது தெரியும். படிச்ச வேலையிலயும் அப்படித்தானா?"

மகள் பேசவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். நாமும் போடுவோம்.

சம்பளம் தரும் நேரம்: 72 மணி.

ஒவ்வொரு வகுப்புக்கும் தயாரிப்பும் எழுத்து வேலையும் 20 நிமிடம். 72 × 20 = 1,440 நிமிடம். அதை 60-ஆல் வகுத்தால் 24 மணி.

காத்திருப்பது தினமும் 30 நிமிடம். 24 நாளுக்கு 12 மணி.

மொத்தம்: 72 + 24 + 12 = 108 மணி.

இனி செலவு. இன்டர்நெட்டுக்கு மாதம் 700 ரூபாய். மின் பேனாவும் ஹெட்போனும் 3,600 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஒரு வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 300 ரூபாய். மொத்தச் செலவு 1,000 ரூபாய். 18,000-ல் 1,000 போனால் மீதி 17,000.

17,000-ஐ 108-ஆல் வகுத்தால்? 157 வரும். மீதி 44.

250 ரூபாய் என்று சொன்ன ஒரு மணி நேரத்தின் உண்மையான விலை 157 ரூபாய்.

கணக்குப் படித்த மகளுக்கு வகுத்தல் தெரியாதா? தெரியும். ஆனால் எதை எதால் வகுக்க வேண்டும் என்று பார்த்தது அம்மா. எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியது. நான் பத்தாம் வகுப்புதான் படித்தவள். கணக்கு என்றால் எனக்கே கொஞ்சம் பயம். அன்று அந்த நோட்டை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன்.

இன்னொரு கணக்கும் அவர்கள் போட்டார்கள். முன்பு மகள் தெருப் பிள்ளைகள் 8 பேருக்கு டியூஷன் எடுத்தார். ஒரு பிள்ளைக்கு மாதம் 600 ரூபாய். ஆகமொத்தம் 4,800. தினமும் ஒன்றரை மணி நேரம். 24 நாளுக்கு 36 மணி. 4,800-ஐ 36-ஆல் வகுத்தால் 133 ரூபாய். இன்டர்நெட் செலவு இல்லை. பாய் விரித்தால் போதும். பார்த்தீர்களா? 250-க்கும் 133-க்கும் தூரம் அதிகம். 157-க்கும் 133-க்கும் தூரம் அதிகம் இல்லை.

மகள் ஆன்லைன் வேலையை விடவில்லை. கம்பெனியிடம் பேசி மூன்று வகுப்பையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வாங்கினார். எல்லாம் வளைகுடாப் பிள்ளைகள். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிகிறது. ஒருமுறை தயாரித்த கணக்குகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறார். அதனால் 20 நிமிட வேலை 10 நிமிடம் ஆனது. காலையில் தெருப் பிள்ளைகளின் டியூஷனையும் மறுபடி தொடங்கிவிட்டார். வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் கஷ்டம். குழந்தை இயேசு கோவிலுக்குக் கூட்டம் வரும் நாள். வண்டிச் சத்தம் ஹெட்போனையும் தாண்டிக் கேட்கிறதாம்.

வேலைக்குப் பணம் கேட்டால் அது வேலை அல்ல

இது முக்கியமான பகுதி. மெதுவாகப் படியுங்கள்.

செல்போனில் ஒரு செய்தி வரும். 'கணக்கு டீச்சர் தேவை. வீட்டிலிருந்தே மாதம் 60,000. இன்றே சேருங்கள்.' நீங்கள் பேசினால் இனிமையாகப் பேசுவார்கள். தேர்வு கூட வைக்க மாட்டார்கள். பிறகு மெதுவாகக் கேட்பார்கள். பதிவுக் கட்டணம் 999 ரூபாய். பயிற்சிக் கட்டணம் 3,000. லேப்டாப் அனுப்ப முன்பணம் 8,000. எல்லாம் முதல் சம்பளத்தோடு திரும்பி வரும் என்பார்கள். ஒன்றும் வராது.

நல்ல கம்பெனி என்ன செய்யும்? முதலில் கணக்கில் ஒரு தேர்வு வைக்கும். பிறகு ஒரு மாதிரி வகுப்பு நடத்தச் சொல்லும். அதை 'டெமோ' என்பார்கள். ஆங்கிலம் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கும். வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

வேறொரு தந்திரமும் உண்டு. 'சம்பளம் அனுப்புகிறோம், உங்கள் பின் நம்பரைப் போடுங்கள்' என்பார்கள். போனில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்குத்தான் பின் நம்பர். இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. எண்ணையும் யாரிடமும் சொல்லக் கூடாது. சான்றிதழின் நகலைக் கொடுக்கலாம். அசலைக் கொடுக்கக் கூடாது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது இந்தியா முழுவதற்கும் உள்ள சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

இந்த ஆசிரியர்களில் பலர் கம்பெனியின் நிரந்தர ஊழியர் அல்ல. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள். அதாவது, வகுப்பு எடுத்தால் காசு. எடுக்காவிட்டால் இல்லை. பி.எஃப். இருக்காது. இ.எஸ்.ஐ. இருக்காது. காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுமுறை இருக்காது. சேரும் முன்பே ஒப்பந்தத்தை முழுக்கப் படிக்க வேண்டும். பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் பணம் உண்டா? நம் வீட்டில் கரண்ட் போனால் அபராதம் உண்டா? வேலையை விட எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா? வாயால் சொன்னது போதாது. எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரும்போது கம்பெனி 10 சதவீதத்தை வரியாகப் பிடிக்கலாம். 18,000-க்கு 1,800. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் வரை போய்விடும். நம் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை என்றால், வருட முடிவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். பலர் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. அவர்கள் பள்ளி நிர்வாகத்திடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

வகுப்பு எடுக்காத வேலைகள்

பேசாமல் செய்யும் வேலையும் உண்டு. பிள்ளைகள் அனுப்பும் கணக்குக்கு விடை எழுதித் தருவது ஒன்று. ஒரு விடைக்கு இவ்வளவு என்று கூலி. 'செக்' என்ற அமெரிக்க கம்பெனி இப்படி இந்தியப் பட்டதாரிகளிடம் விடை எழுதி வாங்கியது. (வங்கிச் செக் அல்ல, கம்பெனியின் பெயரே அதுதான்.) இப்போது பிள்ளைகள் கம்ப்யூட்டரிடமே கேட்டு விடை வாங்குகிறார்கள். செயற்கை நுண்ணறிவு என்று டி.வி.யில் சொல்கிறார்களே, அதுதான். அதனால் 2025-ல் செக் கம்பெனி பெரிய அளவில் ஆட்களைக் குறைத்தது. இந்த வேலையை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

கேள்வித்தாள் தயாரிப்பது, பாடப் புத்தகத்தின் விடைகளைச் சரிபார்ப்பது, கணக்குப் பாடத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கோ கன்னடத்துக்கோ மாற்றுவது போன்ற வேலைகளும் வருகின்றன. செயற்கை நுண்ணறிவு தரும் கணக்கு விடைகளில் தப்புக் கண்டுபிடிக்கவும் கணக்குப் படித்தவர்களை எடுக்கிறார்கள். விடியவிடியப் பேச வேண்டாம், வீட்டில் சத்தம் இருந்தாலும் செய்யலாம். ஆனால் ஒரு மாதம் வரும், மறு மாதம் வராது.

பள்ளிக்கூட வேலைக்கு இவை எல்லாம் ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்த வேண்டாம். அந்த அம்மாவின் மகளும் காலை டியூஷனுக்கும் மாலை வகுப்புக்கும் நடுவில் அதற்குத்தான் படிக்கிறார்.

புதிய சொற்கள்

ஒப்பந்தம் – இருவர் எழுதிக் கையெழுத்திடும் உடன்பாடு.
திவால் – கடனைத் திருப்பித் தர முடியாத நிலை.
அசல் – நகல் அல்லாத, முதல் தாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. மகளுக்கு இப்போதும் 72 வகுப்பு. செலவு போக 17,000 ரூபாய். காத்திருக்கும் நேரம் இல்லை. ஒரு வகுப்புக்குத் தயாரிப்பு 10 நிமிடம். அப்படியானால் மொத்தம் எத்தனை மணி வேலை? ஒரு மணிக்கு எவ்வளவு? (விடை: 84 மணி, சுமார் 202 ரூபாய்.)

2. கத்தாரில் மாலை 6 மணிக்கு ஒரு பிள்ளைக்கு வகுப்பு. விவேக் நகரில் டீச்சர் எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்? (விடை: இரவு எட்டரை.)

3. நீங்கள் செய்யும் வேலை எது? வீட்டு வேலையா, தையலா, பூ விற்பதா? ஒரு வாரம் நோட்டில் நேரத்தை எழுதுங்கள். நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், பூ வாங்க மார்க்கெட் போகும் நேரம் எல்லாவற்றையும் சேருங்கள். கைக்கு வந்த பணத்தில் பஸ் காசு, நூல் காசு எல்லாம் கழியுங்கள். மீதியை மொத்த நேரத்தால் வகுங்கள். வரும் எண்ணை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.